தாய் அச்சு

அத்தியாயம் 11

போன வாரம் மாமனார் கன்ஷெங் கேட்டதற்குச் சரி என்று தலையாட்டியிருந்தேன். சனிக்கிழமை மதியம் மாவட்டப் படைப்புத் தொழில் விழா. மேடையில் எனக்கொரு நாற்காலி. "சும்மா வந்து உக்காந்தா போதும் மாப்ள, பேசவே வேணாம்" என்றார். என் மனைவி யாவ்லின் இறந்த பிறகு எதற்கும் சரி என்று சொல்வது எனக்கு எளிதாகிவிட்டது. மறுக்க வேண்டுமென்றால் உள்ளே ஆள் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை தூரிகை வாங்கச் சந்தைக்குப் போனேன்.

வாரக் கடைசியில் எங்கள் பீங்கான் ஊர் ஜிங்தெஜென் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் தரையில் துணி விரித்து, சுட்ட மண்ணை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மண்ணைத் தொட்டவர் யாராக இருந்தாலும் இந்த ஊரில் வாத்தியார்தான். நேற்று வந்தவனும் வாத்தியார், முப்பது வருஷம் சூளை போட்டவனும் வாத்தியார்.

"வாத்தியாரே, தவளைய மிதிச்சிராதீங்க!"

குனிந்து பார்த்தேன். முன்முடிக்கு நீலச் சாயம் பூசிய ஒரு பெண். அவள் துணி முழுக்கப் பீங்கான் தவளைகள். ஓரத்தில் நான்கு கோப்பைகள்.

கோப்பையின் விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மழையில் ஒதுங்குகிறவன் தொப்பியைச் சாய்ப்பது போல.

"இது நீ பண்ணதா?"

"தவளை நான் பண்ணது. கோப்பை வாங்கி விக்கிறேன். தவளை சோறு போடல வாத்தியாரே, கோப்பைதான் போடுது."

எடுத்தேன். கட்டைவிரல் அதற்கான இடத்தில் போய் நின்றது.

"காப்பியடிச்சதா?"

"அய்யய்ய. காப்பியடிச்சதுன்னா குட்டையா இருக்கும்ல? ஊருக்குப் புதுசுன்னாலும் அதுகூடவா தெரியாது எனக்கு? நல்லா சாண் வெச்சுப் பாருங்க."

சாண் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. மண் சுடும்போது சுருங்கும். அதனால் வடிவத்தைப் பெரிதாகச் செய்து, அதிலிருந்து அச்செடுத்து, வார்த்துச் சுடுவோம். கடையில் வாங்கிய கோப்பையிலிருந்து ஒருவன் அச்செடுத்தால், அது சூளைக்குள் இன்னொரு சுற்றுச் சுருங்கும். திருட்டுக் கோப்பை எப்போதும் அசலைவிடக் குட்டை. இந்தக் கோப்பை குட்டையாக இல்லை. யாவ்லின் செய்த அளவுக்கு அப்படியே இருந்தது.

படமெடுத்து எந்திரத்தில் பெரிதாக்கியிருக்கலாம் என்று நினைத்தேன். இப்போது அதெல்லாம் நடக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

பிடிக்குக் கீழே விரலை விட்டேன். அரிசி அளவுக்கு ஒரு மணி தட்டுப்பட்டது.

அந்த மணி தாய் அச்சில் இருப்பது. தாய் அச்சு என்பது கெட்டிப் பிளாஸ்டரில் செய்த முழு உருவம். வேலை அச்சுகள் எல்லாம் அதிலிருந்து பிறக்கும். எங்கள் தாய் அச்சில் பிடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டர்க் குமிழ் ஒட்டிக்கொண்டது. சீவினால் வளைவு கெட்டுவிடும் என்று யாவ்லின் அதைத் தொடவில்லை. பதிலாக, வார்த்த ஒவ்வொரு கோப்பையிலும் மண் ஈரமாக இருக்கும்போதே நனைத்த பஞ்சால் அதைத் துடைத்துவிடுவாள். எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போன எந்தக் கோப்பையிலும் அந்த மணி இருந்ததில்லை. வாங்கியவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

இது எங்கள் தாய் அச்சிலிருந்து வந்த கோப்பை.

"யாரு பண்றாங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் அக்காமாரு பட்டறை. நாப்பது பேரு. இன்னைக்கு விழாவுல அவங்களுக்குப் புதுத் தொழில் பூங்காவுல எடம் குடுக்கப்போறாங்க. வாடகை கிடையாது, வாங்குறவங்களையும் கூட்டிட்டு வந்து விடுவாங்களாம். வடிவம் போட்டவங்க செத்துட்டாங்களாம், பாவம். அவங்க வீட்டுக்காரரே மேடையேறி 'நான்தான் குடுத்தேன்'னு சொல்லப்போறாராம். அவரு சொன்னாத்தான் எடம். பெரிய மனசு, இல்ல வாத்தியாரே?"

"பெரிய மனசுதான்" என்றேன்.

ஒரு கோப்பை வாங்கினேன். அவள் ஒரு தவளையை இனாமாகக் கொடுத்தாள். தூரிகை வாங்க மறந்துவிட்டேன்.

*

எங்கள் வீடு பட்டறைக்கு மேல்மாடி. கீழே அலமாரி.

அவள் இறந்த மறு வாரம், அவள் செய்த தாய் அச்சுகள் எல்லாவற்றையும் துணியில் சுற்றி, கயிறு கட்டி உள்ளே வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு பட்டறையில் வெறும் தேநீர்க் கிண்ணங்கள்தான் செய்தேன். ஹூ அக்கா வந்து பார்த்தாள். எங்களுக்கு அச்செடுத்துக் கொடுப்பவள் அவள்தான். "எப்ப தொறப்ப தம்பி?" என்றாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். பிடி ஒட்டுகிற பெண்கள் இருவரும் போனார்கள். வசந்தத்தில் மச்சினன் ஷிகாயும் போனான்.

இன்று திறந்தேன்.

தாய் அச்சு இருந்தது. என் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. இழுத்து இழுத்து மூன்று தரம் சுற்றிப் போடுகிற கோணல் முடிச்சு. வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். துணியின் மடிப்பில் தூசி கலையவில்லை.

பூட்டிய பிறகு யாரும் தொடவில்லை.

அப்படியானால் பூட்டுவதற்கு முன்பு. அவள் உயிரோடு இருந்தபோது. அவள் மேலே நோயில் படுத்திருக்க, யாரோ கீழே வந்து அச்செடுத்துப் போயிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல்.

அப்படித்தான் நினைத்தேன். ஷிகாயைத் தேடிப் போனேன்.

*

கைபேசி நேரலையில் பொருள் விற்பதற்கென்றே கட்டிய கட்டடம் அது. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு தொண்டை கத்திக்கொண்டிருக்கும். ஷிகாயின் குரலைத் தேட வேண்டியதில்லை.

"அக்காமாரே, இந்தக் கோப்பைய வாங்கினதுக்கு வீட்டுக்காரர் திட்டினா என்கிட்ட அனுப்புங்க. அவருக்கும் ஒண்ணு வித்து அனுப்புறேன்!"

அவன் கையில் அதே கோப்பை. என்னைப் பார்த்தான்.

"தொண்டை காஞ்சு போச்சு அக்காமாரே, தண்ணி குடிச்சிட்டு வரேன். எங்கயும் போயிராதீங்க."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"அத்தான், உக்காருங்க."

"எப்பலேர்ந்து?"

"முதல்ல உக்காருங்க."

"எப்பலேர்ந்து ஷிகாய்?"

"விக்கிறது வசந்தத்துலேர்ந்து."

"தாய் அச்சு என் அலமாரில இருக்கு. முடிச்சுகூட அவிழல. இது எதுலேர்ந்து வந்துச்சு?"

அவன் விளக்கை அணைத்தான். வட்ட விளக்கு அணைந்ததும் அவன் முகத்தில் அக்காவின் சாடை வந்தது.

"அப்பாகிட்ட கேளுங்க."

"நான் உன்னைக் கேக்கிறேன்."

"நான் வாய வெச்சுப் பொழைக்கிறவன் அத்தான். இந்த ஒரு விஷயத்துல மட்டும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"யாரு?"

அவன் கைபேசியை இன்னும் தள்ளி வைத்தான்.

"அக்கா படுத்திருந்தப்ப கீழ வந்து திருடியிருக்கீங்க. அப்பனும் புள்ளையும்."

அவன் எழுந்துவிட்டான்.

"திருட்டுன்னு சொல்லாதீங்க. என்ன வேணா திட்டுங்க, அத மட்டும் சொல்லாதீங்க. நீங்க அலமாரிய மட்டுமா பூட்டினீங்க? ஹூ அக்காவப் பூட்டினீங்க, பிடி ஒட்டுற ரெண்டு பேரப் பூட்டினீங்க, என்னையும் பூட்டினீங்க. செத்தது உங்க பொண்டாட்டி மட்டுமில்ல, என் அக்காவும்தான். எனக்கு அழ எடம் கிடைக்கல, அதனால இங்க வந்து கத்திட்டிருக்கேன்."

கைபேசி அதிர்ந்தது. ஆட்கள் காத்திருந்தார்கள்.

"போங்க அத்தான். அப்பா விழா மண்டபத்துலதான் இருக்கார்."

நான் கதவைச் சாத்தியபோது உள்ளே விளக்கு எரிந்தது.

"வந்துட்டேன் அக்காமாரே! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு பயந்தே போயிட்டேன்!"

*

மண்டபத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. மேடைத் திரையில் வண்ண வண்ணத் துண்டுகளாக ஒரு வட்டம். மாவட்டத்தின் வருமானத்தில் எங்கள் துண்டு எவ்வளவு பெரிது என்று மாவட்ட அலுவலகப் பெண் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். கீழே எங்கள் தலைகளின் எண்ணிக்கை. 'படைப்புத் துறை ஊழியர்கள்' என்று எழுதியிருந்தது.

முன்வரிசையில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பட்டறைப் பெண்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் கழுத்துத் துணி கட்டியிருந்தார்கள்.

"அது நாமளா?" ஒருத்தி கேட்டாள்.

"நாமதான், பேசாம இரு."

"அப்ப நேத்து வரைக்கும் நாம என்ன?"

"மண்ணு."

அந்த வரிசையில் சிரிப்பு ஓடியது. ஓரத்தில் ஹூ அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டாள்.

மாமனார் மண்டபத்தின் பின்கதவருகில், தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றார். புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் இலைப்பூண்டும் மிளகாயும் வைத்த கொழுக்கட்டைப் பொட்டலம்.

"வா மாப்ள. சாப்ட்டியா? இன்னும் சூடா இருக்கு."

கோப்பையை அவர் முன் நீட்டினேன். பிடிக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. அதுதான் முதலில் வலித்தது.

"இன்னைக்கு சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

"மேடையேத்தின பிறகா?"

"மைக்க முன்னாடி வெச்சுக் கேட்டா நீ மறுக்க மாட்டேன்னு நெனச்சேன்." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "அது தப்புதான்."

"எப்ப எடுத்தீங்க அச்ச?"

"நான் எடுக்கல. அவதான் குடுத்தா."

"பொய்."

"யாவ்லின்தான் குடுத்தா. நான் வேலை பார்த்த தொழிற்சாலைய மூடினப்ப, அங்க வேலை பார்த்த இந்தப் பொண்ணுங்க எல்லாம் நடுத்தெருவுல நின்னாங்க, உனக்குத் தெரியுமே. சின்ன வயசுல அவ இவங்க மடியிலதான் தூங்குவா. எல்லாரும் சேர்ந்து பட்டறை போட்டாங்க, வடிவம் இல்ல. அவ குடுத்தா. ஹூவ வரச்சொல்லி, அவ மாடியில படுத்திருக்க, ஹூ கீழ தாய் அச்சிலிருந்து இன்னொரு தாய் அச்சு எடுத்தா. பிளாஸ்டர் இறுக ரெண்டு நாள் ஆச்சு."

"ரெண்டு நாளும் நான் எங்க இருந்தேன்?"

அவர் தண்ணீர்ப் புட்டிகளை நேராக அடுக்கினார்.

"நான் வீட்ட விட்டு நகரவே இல்லியே மாமா. அவ படுத்ததுலேர்ந்து நான் எங்கயுமே…"

அங்கே நிறுத்தினேன். ஒரே ஒரு முறை போயிருக்கிறேன்.

இலையுதிர் காலம். நான்சாங்கில் ஒரு வைத்தியர் இருக்கிறார், அவரிடம் ஒரு வேர்ப்பொடி கிடைக்கும், நேரில் போனால்தான் தருவார் என்றாள் யாவ்லின். ரயிலேறிப் போனேன். அவர் வீட்டு வாசலில் ஓர் இரவு காத்திருந்து வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு தினமும் விடியலில் அந்தப் பொடியைக் காய்ச்சினேன். கசப்பு அடுத்த வீடு வரை அடிக்கும். அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். "தேவலாம் போல இருக்கு" என்றாள். பொடி வேலை செய்கிறது என்று நம்பினேன். எல்லோரிடமும் அந்த வைத்தியரின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"அந்தப் பொடி" என்றேன்.

"உன்னை ரெண்டு நாள் வெளிய அனுப்பணும்னு சொன்னா. அதுக்கு ஒரு பேரு வேணும்ல? பக்கத்து வீட்டுக்காரி எப்பவோ சொன்ன வைத்தியன். அவளுக்கு அதுல நம்பிக்கை கிடையாது."

"தினம் குடிச்சாளே."

"நீ காய்ச்சினியே, அதுக்காகக் குடிச்சா."

முன்னால் கைதட்டல். யாருக்கோ சால்வை போர்த்தினார்கள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஒரு வார்த்தை. 'அந்தப் பொண்ணுங்களுக்குக் குடுக்கலாமா?'ன்னு."

"குடுத்திருப்ப. ஆனா 'ஏன் இப்ப?'ன்னு கேட்டிருப்பல்ல? அதுக்கு அவ என்ன பதில் சொல்லுவா?" மாமனாரின் குரல் இறங்கியது. "டாக்டர் அதுக்கு முந்தின வாரமே சொல்லிட்டார், இனிமே ஒண்ணும் செய்றதுக்கில்லன்னு. எனக்குத் தெரியும். ஷிகாய்க்குத் தெரியும். ஹூவுக்கும் தெரியும். உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டா."

வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் அடுப்பின் முன் உட்கார்ந்து கசாயத்தைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். ஷிகாய் வந்து எட்டிப் பார்த்து, "அத்தான், நல்லா கொதிக்கட்டும்" என்றது நினைவுக்கு வந்தது.

"மணிய ஏன் துடைக்காம விட்டாங்க?" எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"அவதான் விடச் சொன்னா. உங்க பட்டறைக் கோப்பைல மணி இருக்காது, இவங்க கோப்பைல இருக்கட்டும், பின்னாடி சண்டை வந்தா பிரிச்சுப் பார்க்கலாம்னா."

எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாள். என்னிடம் சொல்வதைத் தவிர.

"உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல மாப்ள. 'அவர் எல்லாத்தையும் பூட்டிருவார்ப்பா, அதுக்குள்ள ஒண்ணையாவது வெளிய அனுப்பணும்'னு சொன்னா."

ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது.

"வெய்ரன் வாத்தியார் மேடைக்கு வரணும்!"

*

நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நேராக மைக் முன்னால் நிறுத்தினார்கள். திரையில் கோப்பையின் படம், சுவரளவு. மணி தெரியாத பக்கமாக எடுத்திருந்தார்கள்.

மாவட்ட அலுவலகப் பெண் நல்லவராகத்தான் தெரிந்தார். என் துக்கத்துக்கு வருத்தம் சொன்னார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒரு வீட்டுப் பட்டறையில பிறந்த வடிவம் இன்னைக்கு நாப்பது குடும்பத்துக்கு வேலை குடுத்திருக்கு. இதைத்தான் நாங்க படைப்புத் தொழில்னு சொல்றோம். வெய்ரன் வாத்தியாரே, இந்த வடிவத்த இவங்களுக்குக் குடுத்தது நீங்கதானே?"

முன்வரிசையில் நாற்பது கழுத்துத் துணிகள். ஓரத்தில் ஹூ அக்கா.

"இல்ல" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "வாத்தியார் கேள்விய சரியா…"

"நான் குடுக்கல. என் மனைவி குடுத்தா. எனக்குத் தெரியாம."

 'மண்ணு' என்று சொன்ன பெண் கழுத்துத் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா…" அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நீங்க சம்மதிக்கலையா?"

ஒரு சொல் போதும். அவர்களுக்குப் பூங்கா இல்லை, வாங்குகிறவர்கள் இல்லை. யாவ்லினைத் திருப்பி அடிக்க எனக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அது. அந்தச் சொல் நாக்கின் மேல் இருந்தது. அதன் ருசி எனக்குத் தெரிந்தது. வேர்ப்பொடிக் கசாயத்தை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டு நக்கிப் பார்ப்பேன்.

"அவ குடுத்தத நான் திருப்பிக் கேக்க மாட்டேன்" என்றேன். "எடம் குடுங்க."

கைதட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். சில பெண்கள் அழுதார்கள். பின்வரிசையில் ஒருவன் "நல்ல மனுஷன்யா!" என்று கத்தினான். பின்கதவருகில் மாமனார் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார்.

மாவட்ட அலுவலகப் பெண் மைக்குக்காகக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ஹூ அக்கா" என்றேன். என் குரல் நான்கு பக்கமும் எதிரொலித்தது. "அந்த ரெண்டு நாளும் நீங்க அவகூட இருந்தீங்க. என்னைப் பத்தி வேற ஏதாவது சொன்னாளா?"

கைதட்டல் ஓய்ந்தது.

ஹூ அக்கா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிப் பின்கதவைப் பார்த்தாள். அங்கே மாமனார் முகத்திலிருந்து கையை எடுத்திருந்தார். வேண்டாம் என்று அவளுக்குத் தலையசைத்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா தம்பி" என்றாள். "மைக்க அணைச்சிட்டுக் கீழ எறங்கி வா."

அணைத்தேன். நான் மேடைப் படியில் கால் வைப்பதற்குள், மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.